வசந்தா அக்கா வடியவிட்ட தண்ணீர்

எங்கள் தஞ்சாவூர் குடியிருப்பில் உப்புத் தண்ணீரை மென்னீராக்கும் தொட்டி ஒன்று இருக்கிறது. போன வாரம் அதைப் பழுதுபார்க்க வந்தவர் ஒரு மூட்டை உப்பை அதில் கொட்டிவிட்டு எனக்குப் பாடம் நடத்தினார். "உள்ள ஒட்டியிருக்கிற கால்சியத்த இந்த உப்புல உள்ள சோடியம் தள்ளிவிட்டுட்டு அந்த எடத்துல உக்காந்துக்கும் மேடம்." எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாவம், அவருக்கு எப்படித் தெரியும்? என் முதல் வேலையே சோடியத்தை விரட்டிவிட்டுக் கால்சியத்தை உட்கார வைப்பதுதான்.

சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தேன். வேதியியலில் முதல் வகுப்பு, வரப்பில் நடப்பதில் பூஜ்யம். மண் எடுக்கப் போன முதல் நாளே வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்தேன். சிரிக்காமல் கைகொடுத்துத் தூக்கிவிட்டவர் வசந்தா அக்கா. கணவர் சிங்கப்பூரில் இருக்க, அவர்தான் பயிர் பார்த்தார். கடல் ஏறிய அவருடைய இரண்டு ஏக்கரில் ஒரு சம்பா நுனி கருகிச் செத்திருந்தது. அடுத்ததும் போனால் இறால் குட்டைக்கு விட்டுவிடுவதென்று கொழுந்தனார் ஆள் பேசி வைத்திருந்தார். குட்டை வெட்டிய நிலம் மறுபடி வயலாவது லேசில் நடக்காது.

இவ்வளவு மழை பெய்தும் உப்பு ஏன் போகவில்லை என்று அக்கா கேட்டார். விடுவேனா? குச்சியை எடுத்து வரப்பில் வட்டம் வட்டமாகப் போட்டேன். சோடியம் தன் எலெக்ட்ரான் ஒன்றைக் குளோரினிடம் கொடுத்துவிட்டது. கொடுத்தது நேர்மின் அயனி, அதன் வட்டத்தில் கூட்டல் குறி; வாங்கிய குளோரைடு எதிர்மின் அயனி, அதற்குக் கழித்தல் குறி. நம் களிமண்ணுக்கும் எதிர்மின் சுமை. அதனால் குளோரைடை ஒட்டவிடாது, மழையோடு அனுப்பிவிடும். சோடியத்தை மட்டும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஜிப்சம் போட்டால் கால்சியம் வரும். அது இரண்டு எலெக்ட்ரானை இழந்த அயனி, பிடி பலம், சோடியத்தைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்ளும்.

அக்கா வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "கொடுத்துட்டா கழித்தல்தானே வரணும்? எப்படிங்க கூட்டல் போட்டீங்க?"

எலெக்ட்ரானே மைனஸ்தான், மைனஸ் ஒன்று வெளியே போனால் மிச்சம் ப்ளஸ் ஆகிவிடும் என்றேன்.

"அப்ப எங்க கொழுந்தனாரு கெளம்பிப் போனா வீடும் ப்ளஸ்தான்" என்றார் அக்கா.

ஜிப்சம் இறைத்தோம், வாய்க்கால் தண்ணீரைக் கட்டினோம். நாலு நாள் நிறுத்திவைத்து வடித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். பத்து நாள் கழித்துப் போனால், வரப்பில் நண்டு வளை ஒன்று விடாமல் அடைத்து, தண்ணீர் அப்படியே நிற்கிறது. எனக்கு வந்ததே கோபம்!

"காவேரித் தண்ணிய வெட்டிவிடச் சொல்றீங்களா? கடைமடைக்கு இது வந்து சேர நாங்க எத்தன நாளு காத்துக் கெடந்தோம் தெரியுமா?" என்று கேட்டார் அக்கா.

என் கோபம் அடங்கிப்போனது. மண்ணை விட்ட சோடியம் முழுக்க இந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது, வற்றினால் திரும்ப மண்ணுக்கே போய்விடும் என்று மெதுவாகச் சொன்னேன். அக்கா வயலுக்குள் இறங்கி நின்று கீழே பார்த்தார்.

"மேடம், என் கால் வெரலு தெரியுது."

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒரு வருஷமாக டீ மாதிரி கலங்கியே கிடந்த தண்ணீர் தெளிந்திருந்தது. சோடியம் பிரித்துப் பிரித்து மிதக்கவிட்ட களியைக் கால்சியம் திரட்டி அடியில் படிய வைத்துவிட்டது. நான் குச்சியால் போட்ட வட்டமெல்லாம் நிஜம்! செருப்போடு சேற்றில் குதித்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அக்கா மண்வெட்டியை எடுத்துத் தானே வரப்பை வெட்டினார். தண்ணீர் வடிகாலில் இறங்கும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மழைக்காலத்துக்குள் இன்னும் இரண்டு முறை கட்டி வடித்தார்.

அந்தத் தையில் கொழுந்தனாரே வந்து ஒரு கதிரை உருவி, உள்ளங்கையில் தேய்த்து, அரிசியைக் கடித்துப் பார்த்தார். உடனே இறால் குட்டைக்காரருக்கு வரவேண்டாமென்று போன் போட்டார். ஜெயித்துவிட்டோம்! ஒரு மாதம் நான் கூடத்தில் கால் தரையில் படாமல்தான் நடந்தேன்.

பரிசோதனைக் கூடம் இப்போது அங்கே இல்லை. உப்பளக்கும் கருவியும் எங்கே போனதோ. போன மார்கழியில் அந்தப் பக்கம் போனபோது, அன்று வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்துத் தூரத்திலிருந்தே கண்ணைக் கூசவைத்த அந்த இரண்டு ஏக்கரைத் தேடினேன். கண்ணுக்கு எட்டிய மட்டும் ஒரே பயிர், கதிர் வாங்கித் தலை சாய்ந்திருந்தது. அந்த மண்ணைக் கைப்பிடி கைப்பிடியாகச் சோதித்த நான், வசந்தா அக்காவின் வயல் எது என்று வழியில் போனவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.