இருபத்து மூன்று புள்ளி நாற்பத்தைந்து

எட்டு மணி நேரம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ஆம்புலன்ஸ்களை அனுப்பும் வேலை அவளுக்கு. வீட்டுக்கு வந்துவிட்டால் உட்காரவே மாட்டாள். தட்டைக் கையில் ஏந்தி நடந்துகொண்டே சாப்பிடுவாள். போன் வந்தால் அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடை. மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்த கணவர், "ஏம்மா, தரை தேயுது" என்பார். கட்டுப்பாட்டு அறையில் அவளை நாலாம் நம்பர் என்றுதான் கூப்பிடுவார்கள். நாலாவது மேசை அவளுடையது.

இந்த நடை பிறவிக் குணம் இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் வந்த ஓர் அழைப்புக்குப் பிறகு ஒட்டிக்கொண்டது. காட்டுப் பாதையில் நடக்கப் போன ஒருவர் பாறையிலிருந்து விழுந்துவிட்டார். கூட இருந்த மனைவி கூப்பிட்டார். தெரு இல்லை, கதவு எண் இல்லை, சுற்றிலும் மரம். "உங்க போன்ல நீங்க நிக்கிற இடத்தோட எண்ணைக் காட்டும், அதைப் படிங்க" என்றாள் நாலாம் நம்பர். அந்த அம்மாள் படித்தார், இவள் தட்டினாள், வண்டி போயிற்று. போன இடத்தில் ஈ காக்கை இல்லை. அரைக் கிலோமீட்டர் தள்ளி, ஓடைக்கு அந்தப் பக்கம், புதருக்குள் கிடந்தவரைத் தேடிப் பிடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. உயிர் தப்பியது. இடது பாதத்தை எடுக்க வேண்டியதாயிற்று.

விசாரணை நடந்தது. 'அழைத்தவர் இடத்தைத் தெளிவாகக் கூறவில்லை' என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. அதிகாரி கூப்பிட்டு ஆறுதலாக நாலு வார்த்தை கூடச் சொன்னார். அவளுக்குத்தான் மனம் ஆறவில்லை. தெளிவாகச் சொல்லவில்லை என்றால், தான் எதைக் கேட்டுத் தட்டினோம் என்ற கேள்வி நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

நில அளவைக்காரனான அவள் தம்பி, வேலைக்குப் புதுக் கருவி வாங்கியபோது தன் பழைய மஞ்சள் ஜி.பி.எஸ். கருவியைத் தூக்கிப் போடப் போனான். "குடு இங்க" என்று வாங்கிக்கொண்டாள். ஜியோகேச்சிங் என்று ஒரு விளையாட்டு இருப்பதை அவன்தான் சொன்னான். யாரோ ஒரு சின்னப் பெட்டியை எங்கோ ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடுவார்கள். தேடிப் போகிறவர்கள் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் சீட்டில் பேரை எழுதிவிட்டு, பெட்டியைப் பழையபடி வைத்துவிட்டு வர வேண்டும்.

"இந்த வயசுல இது எதுக்கு?" என்றார் கணவர்.

"எண்ணை வெச்சு ஒரு இடத்துல போய் நிக்கிறதுன்னா என்னன்னு என் காலுக்குத் தெரியணும்" என்றாள்.

முதல் இரண்டு மாதத்தில் ஒன்பது பெட்டிகள். கணினியிலிருந்து வயர் வழியாக எண்களைக் கருவிக்குள் ஏற்றிவிடுவாள். திரையில் தெரியும் அம்பு காட்டும் பக்கம் நடப்பாள். பூங்கா பெஞ்சின் அடியில் ஒன்று, பம்பு அறைச் சுவரில் செங்கல் பெயர்ந்த ஓட்டையில் ஒன்று. பிறகு வயர் செருகும் துளையில் பச்சைக் களிம்பு பூத்து, கணினி கருவியை அடையாளம் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தது. சரி, போகட்டும் என்று எண்களைக் கையாலேயே தட்டி ஏற்றினாள்.

அன்று பிடித்தது சனி. பாலத்தடியில் இருக்க வேண்டிய பெட்டிக்கு அம்பு அவளை ஒரு பள்ளிக்கூடத்துக் கழிவறைச் சுவர் வரை கூட்டிப்போயிற்று. காவலாளி ஒரு மாதிரி பார்த்தார். அடுத்தது ஏரிக்கு நடுவில். அதற்கடுத்தது நூறு மீட்டர்தான் தள்ளி இருந்தது. வேலியெல்லாம் துழாவிவிட்டு முள் கீறிய கையோடு திரும்பினாள்.

பேட்டரியை மாற்றினாள். சார்ஜ் செய்கிற பேட்டரியா, சாதா பேட்டரியா என்று கருவி கேட்ட இடத்தில் சரியாகச் சொன்னாள். திசைகாட்டி குழம்பியிருக்கும் என்று, அது சொன்னபடியே கருவியை மட்டமாகப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடியில் இரண்டு சுற்று சுற்றினாள். எதிர்வீட்டு அம்மாள் துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செயற்கைக்கோள்களின் சேதியைப் புதிதாக வாங்கட்டும் என்று, திறந்த வானத்தின் கீழ் அதை இருபது நிமிடம் அசையாமல் வைத்தாள். கருவி அசையாமல் இருந்தது; அவள்தான் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நடந்தாள். பதினோரு செயற்கைக்கோள், மூன்று மீட்டர் துல்லியம் என்று காட்டியது. மறுநாள் மறுபடியும் முந்நூறு மீட்டர் தள்ளிப்போய் நின்றாள்.

"உன்கூடச் சகவாசம் வெச்சு அதுவும் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது" என்றார் கணவர்.

தம்பிக்குப் போன் போட்டாள். "எப்பவும் ஒரே அளவு தள்ளிப் போகுதாக்கா?"

"இல்லடா. ஒரு நாள் நூறு, ஒரு நாள் ஐந்நூறு."

"அப்ப செட்டிங் இல்ல. ஆன்டெனா போயிருக்கும். தூக்கிப் போடு."

அவளுக்குத் தூக்கிப் போட மனம் வரவில்லை. ஒரு வாரம் கருவி பையிலேயே கிடந்தது. வேலை நேரத்தில், அழைப்பு இல்லாத இடைவெளிகளில், கை தானாகப் போய் அதை எடுத்துப் பார்த்து வைத்தது. பக்கத்து மேசைக்காரி, "அக்கா, அதுக்குப் பசிக்குதோ என்னமோ" என்றாள்.

விடுமுறை நாள் ஒன்றில், காலை பத்து மணிக்குச் செருப்பு மாட்டியாகிவிட்டது. வாசலில் நின்றபடியே புதுப் பெட்டியின் எண்ணைத் தட்டினாள். நாற்பத்தொன்று புள்ளி எழுநூற்றுப் பன்னிரண்டு நிமிடம். நாற்பத்தொன்று ஏறியது. எழுபத்தொன்று புள்ளி இரண்டு என்று அடுத்த கட்டத்தில் வைக்கப் போனால் கருவி 'கீக்' என்றது. ஏற்கவில்லை. ஏழாம் பொத்தான் சிக்கிக்கொண்டதோ என்று ஊதினாள். பதினேழு என்று தட்டிப் பார்த்தாள், ஏற்றது. ஐம்பத்தொன்பது, ஏற்றது. அறுபது என்றால் மறுபடி 'கீக்'.

ஐம்பத்தொன்பது ஏற்கிறது, அறுபது ஏற்கவில்லை. கடிகாரத்துக்குத்தான் அந்தப் புத்தி உண்டு.

அவள் செருப்போடு உள்ளே போனாள். கணவரின் கண் பரிசோதனைச் சீட்டு ஒன்றைத் திருப்பிப் போட்டுப் பென்சிலால் கணக்குப் போட்டாள். ரேகைக் கணக்கில் ஒரு பாகைக்கு அறுபது நிமிடம், ஒரு நிமிடத்துக்கு அறுபது வினாடி. அந்தக் கட்டம் வினாடிக்கான கட்டம். இணையத்தில் தருவதோ நிமிடத்தின் தசமம். அரை நிமிடம் என்றால் புள்ளி ஐந்து. அது முப்பது வினாடி, ஐம்பது வினாடி இல்லை. இத்தனை நாளும் புள்ளிக்குப் பின்னால் இருந்ததை வினாடி என்று ஏற்றியிருக்கிறாள். புள்ளிக்குப் பின்னால் சின்ன எண் என்றால் சின்னத் தப்பு, பெரிய எண் என்றால் பெரிய தப்பு. ஆன்டெனா மேல் பழியில்லை.

தம்பி போனில் சிரித்தான். "அட, அது என் செட்டிங்தான்க்கா. எங்க வேலைக்கு வினாடியிலதான் வெப்போம். வயர்ல ஏத்தினப்ப அதுவே மாத்திக்கிச்சு. மெனுவுல போய் மாத்திடு, தீந்துது."

மாற்றினாள். தீரவில்லை. அந்தச் சீட்டின் மிச்ச இடத்தில் அவள் கை வேறொரு எண்ணை எழுதிக்கொண்டிருந்தது. இருபத்து மூன்று புள்ளி நாற்பத்தைந்து. மூன்று வருடமாக மறக்காத எண். அதைச் சரியாக வினாடியாக்கினால் இருபத்தேழு. அவள் அன்று தட்டியது நாற்பத்தைந்து. பதினெட்டு வினாடி வித்தியாசம். ஏறக்குறைய ஐந்நூற்றைம்பது மீட்டர்.

பெட்டி தேட வைத்திருந்த தண்ணீர் பாட்டிலோடு நேரே கட்டுப்பாட்டு அறைக்குப் போனாள்.

"லீவ் நாள்ல என்ன வேலை?" என்றார் அதிகாரி.

"அந்தக் காட்டு கேஸோட ரெக்கார்டு கேக்கணும் சார்."

"அது முடிஞ்ச கதை. கிளறாதம்மா."

"அஞ்சு நிமிஷம் சார்."

காற்று இரைச்சல். வலியில் முனகும் ஓர் ஆண் குரல். அதற்கு மேலே அந்த அம்மாள் நிறுத்தி நிறுத்திப் படித்தார்: "இருபத்து மூணு... புள்ளி... நாற்பத்தஞ்சு." பிறகு நாலாம் நம்பரின் குரல், நிதானமாக: "இருபத்து மூணு, நாற்பத்தஞ்சு. சரிதானேங்க?" அதற்கு அந்த அம்மாள்: "ஆமா, ஆமா, சீக்கிரம் வரச் சொல்லுங்க."

அதிகாரி பதிவை நிறுத்தினார். "உன்னை யாரும் குத்தம் சொல்லலையே."

"அந்தம்மாவைச் சொல்லிட்டோமே சார்."

அவர் பேனாவை மூடினார், திறந்தார். பாகை, நிமிடம், வினாடி என்று மூன்று கட்டம் உள்ள திரையை வைத்தது அலுவலகம்தான், அவள் மட்டும் என்ன செய்வாள் என்றார். அதையும் எழுதுங்கள் என்றாள் அவள். தன் பங்குக்கு அங்கேயே நின்றபடி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாள். பத்தொன்பது நாள் பதில் இல்லை. அந்தப் பத்தொன்பது நாளும் பேருந்தில் கூட அவள் உட்காரவில்லை. இருபதாம் நாள் மறுவிசாரணைக்கு உத்தரவு வந்தது. விரும்பினால் அந்தக் குடும்பத்தைப் போய்ப் பார்க்கலாம் என்று அதிகாரி வாய்ச்சொல்லாகச் சொன்னார்.

அவர்களுடையது பூட்டு ரிப்பேர் கடை. மேலே வீடு. சுவர் முழுக்க ஆணி, ஆணி முழுக்கச் சாவி. பாதம் இழந்தவர் உயரமான முக்காலியில் உட்கார்ந்து சாவி வெட்டிக்கொண்டிருந்தார், மனைவி கல்லாவில். நாலாம் நம்பர் தான் யாரென்று சொன்னதும் இயந்திரம் நின்றது. நடந்ததை ஒளிக்காமல், தன் குரலில் எந்த இடத்தில் புள்ளி விட்டுப்போயிற்று என்பது வரை சொன்னாள்.

அந்த அம்மாள் அவளைப் பார்க்கவே இல்லை. கணவரைத்தான் பார்த்தார். "கண்ணாடி போடாமப் படிச்சேன்னு சொன்னீங்களே."

அவர் சாவியின் பிசிறை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு வருஷமாச் சொன்னீங்க. உங்க அக்கா வந்தப்பச் சொன்னீங்க, கடைக்கு வர்றவங்ககிட்டச் சொன்னீங்க. எனக்கே என் மேல நம்பிக்கை போச்சு." பிறகுதான் நாலாம் நம்பர் பக்கம் திரும்பினார். "நான் சொன்னது அதுல பதிவாயிருக்கா?"

"இருக்குங்க. தெளிவா இருக்கு."

"இவர் கேக்கணும்."

அடுத்த வாரம் இருவரும் கட்டுப்பாட்டு அறைக்கு வந்தார்கள். மாடிப்படி ஏற அவருக்கு நேரம் பிடித்தது. மனைவி கை கொடுக்கவில்லை, முன்னால் போகவும் இல்லை, ஒவ்வொரு படியிலும் நின்று வந்தார். பதிவை ஓடவிட்டார்கள். தன் முனகலைக் கேட்டபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். மனைவியின் குரல் வந்த இடத்தில் தலையை நிமிர்த்தினார்.

"இன்னொரு தடவை போடுங்க" என்றார்.

போட்டார்கள். மூன்றாம் தடவையும் கேட்டார். அந்த அம்மாள், "போதும், வாங்க" என்று எழுந்துவிட்டார்.

நாலாம் நம்பருக்கு எழுத்து மூலம் ஒரு கண்டிப்பும், மூன்று மாதம் அழைப்பு எடுக்கக் கூடாது என்ற உத்தரவும் வந்தன. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். மூடிய கோப்பில் பழைய வரியை அடித்துவிட்டு, 'அழைத்தவர் இடத்தைத் தெளிவாகக் கூறினார்' என்று புது வரி எழுதினார்கள்; அதன் நகல் ஒன்று பூட்டுக் கடைக்குத் தபாலில் போயிற்று. அடுத்த முறை அவள் அந்தத் தெரு வழியாகப் போனபோது, கடைக் கண்ணாடியில், 'காலை பத்து மணிக்கு மேல் கடை திறக்கும்' என்ற அட்டைக்குக் கீழே அது ஒட்டியிருந்தது. கடை திறந்திருந்தது. அவள் உள்ளே போகவில்லை. ஒட்டியது யாராக இருக்கும் என்று வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே நடந்தாள்.