பிலோமினா திட்டினா புள்ளைக்கு நல்லது

டெல்லி முனிர்காவுல சின்னப் புள்ளைங்களுக்குத் தடுப்பூசி போடுற நர்ஸ் பிலோமினா. நாகர்கோவில்காரி. அம்மாமாருங்ககிட்ட பேசுறதுல தன்னை மிஞ்ச ஆளில்லன்னு நெனப்பு. "தமிழ்க்காரி புள்ளைய புகழாதீங்க, கண்ணு பட்டுரும்னு பயப்படுவா. ஹரியானாக்காரி பாலும் நெய்யும் தின்னு வளந்தவ, புகழ்ந்தா குளுந்துருவா"ன்னு, வீடு வீடா தடுப்பூசி நோட்டீஸ் குடுக்கப் போன தொண்டருங்க எங்களுக்கே வகுப்பு எடுப்பா.

2001ல அந்த ஏரியாவுல தட்டம்மை பரவிச்சு. திண்டுக்கல் ஜெகனோட பொண்டாட்டி பபிதா, ஹரியானாப் பொண்ணு, ஒம்பது மாசப் புள்ளைய ஊசிக்குத் தூக்கிட்டு வந்தா. புள்ளைய தராசுல வெச்சதும் பிலோமினா, "அரே வா, பயில்வான்!"னு கத்துனா.

பபிதா மூஞ்சி செத்துப்போச்சு. புள்ளைய துப்பட்டாவுல மூடிக்கிட்டு ஓடியே போயிட்டா. கண்ணுக்குப் பயப்படுறதுல வடக்கென்ன, தெக்கென்ன?

ஊசி போடாம போகுதேன்னு பிலோமினா சந்து சந்தா தொரத்துனா, இந்தியில கத்திக்கிட்டே. "நில்லு! உன் புள்ள வெறும் எலும்பு! மூக்கு சப்பை! காக்காகூடத் தூக்காது!"

பபிதா நின்னா. "நெசமாவா தீதி?"

"சத்தியமா. பாக்கவே சகிக்கல."

எதிர்ல வந்த ஜெகனுக்கு ரோஷம் பொத்துக்கிச்சு. "எம் புள்ளையவா சொல்றீங்க சிஸ்டர்? அவன் அப்படியே என்னை மாதிரி!"

"சுப்!"னு புருஷனை அதட்டுனா பபிதா. "தீதி, இன்னும் ரெண்டு திட்டுங்க."

திட்டி முடிச்சு ஊசியும் போட்டாச்சு.

அடுத்த வாரம் கூட்டம் தாங்கல. ஊசி போட்ட பெறகும் ஒருத்தி நகரல. "இன்னும் என்னம்மா?"ன்னு பிலோமினா கேட்டா.

"எம் புள்ளைய ஒண்ணுமே திட்டலையே சிஸ்டர்!"