நாசர் அண்ணனும் குவாதலஹாராவின் காப்பிக் கடைகளும்

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக நாசர் அண்ணனுக்கு ஒரு படம் அனுப்பினேன். ஈப்போவில் எங்கள் வீட்டுப் பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் காப்பிக் கடை. கீழே, "போலாமா?"

பதில் அவர் மகள் பரீதாவிடமிருந்து வந்தது. "ஆன்ட்டி, அத்தா விடியக்காலைல மௌத்தாயிட்டாங்க. ஹார்ட் அட்டாக்."

இப்போது சித்தியவானில், அவர் வீட்டுத் தெருவில், காரில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அடக்கம் முடிந்துவிட்டது. காரைக் கிளப்புவதும் அணைப்பதுமாக இருக்கிறேன்...

நாளைக்குள் ஆபீசுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். இரண்டு வருட வேலைக்கு மெக்சிகோ போகிறேனா, இல்லையா?

முன்பு ஒருமுறை போயிருக்கிறேன். நாசர் அண்ணனோடு.

ஈப்போ பக்கம் ஜெலாப்பாங்கில் ஒரே எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை, ஒரே உற்பத்தி லைன் எங்களுக்கு. அந்த லைனை மெக்சிகோவுக்கு மாற்ற முடிவானபோது, அங்கே உள்ளவர்களுக்கு வேலை கற்றுக்கொடுக்க எங்கள் இருவரையும் குவாதலஹாராவுக்கு அனுப்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு ஒரே வேலை. அந்த ஊரின் நல்ல காப்பிக் கடையைத் தேடுவது.

அண்ணன் சாப்பாட்டுக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. முதல் கடையில் பால் நுரைமேல் இலை வரைந்து கொண்டுவந்து வைத்தார்கள். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "படம் நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. கோப்பிய எங்க வச்சிருக்கான்?"

எந்தக் கடையிலும் இதேதான். பாதி குடிப்பார். "இன்னொன்னு கேக்கத் தோணுதா? தோணல இல்ல? எழும்பு, போலாம்."

அடுத்த கடை. அதற்கடுத்த கடை... "கொஞ்சம் உக்காரலாமேண்ணே" என்றால், "உக்கார்றதுக்குத்தான் ஓட்டல் ரூம் இருக்கே" என்பார்.

ஒருநாள் நடந்துகொண்டே கேட்டேன். "நம்ம வேலையத்தானே இவங்க கையில குடுத்துட்டுப் போறோம். உங்களுக்கு ஒன்னும் தோணலயாண்ணே?"

"தோணுதுலா. அதான் ரூம்ல உக்கார முடியல."

அதன்பிறகு நான் உட்காரலாம் என்று கேட்கவில்லை.

நல்ல காப்பி கடைசியில் கிடைத்தது, கடையில் அல்ல. எந்தக் கடையும் திறக்காத விடியல் நேரம். கம்பெனி வேனுக்காக நாங்கள் நிற்கும் பேருந்து நிறுத்தத்தில், வேலைக்குப் போகிறவர்களுக்கு ஓர் அம்மா பெரிய மண்பானையிலிருந்து மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். பட்டையும் வெல்லமும் போட்டுக் கொதிக்கவைத்த கடுங்காப்பி.

அண்ணன் குடித்து முடித்தார். கப்பை நீட்டி, தமிழிலேயே "இன்னொன்னு ஊத்துங்கக்கா" என்றார். அந்த அம்மா ஸ்பானிஷில் என்னவோ சொல்லிச் சிரித்துக்கொண்டே ஊற்றினார்.

கம்பெனி வேன் வந்து ஹார்ன் அடித்தது. திரும்பவும் அடித்தது. அண்ணன் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை...

ஊர் திரும்பினோம். ஜெலாப்பாங்கில் லைன் மூடியது. அவர் சொந்த ஊரான சித்தியவானுக்கே, தம்பி நடத்தும் சாப்பாட்டுக் கடைக்கு வந்துவிட்டார். என்னை வேறு பிரிவில் போட்டார்கள். காப்பிக் கடைப் படங்கள் மட்டும் எங்களுக்குள் போய் வந்துகொண்டிருந்தன.

இந்த மெக்சிகோ பேச்சு வந்ததும் அம்மா பிடித்துக்கொண்டார். "நாப்பத்தாறு வயசுல உனக்கு எந்த ஊரு கேக்குது? இங்க என்ன குறைச்சல்?"

போன வாரம் அண்ணனிடம் போனில் சொன்னேன். "அம்மா வேணாங்கிறாங்கண்ணே."

"அம்மா சொன்னத கேட்டுக்கிட்டேன். நீ என்ன சொல்றே?"

பேச்சை மாற்றிவிட்டேன்.

இன்று அவர் வீட்டில் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். பரீதா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "எப்ப ஆன்ட்டி ஃப்ளைட்டு? நீங்க மெக்சிகோ போறீங்கன்னு அத்தா எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க. கடைக்கு வர்ற கஸ்டமர்கிட்டகூட."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பக்கத்திலிருந்த வயதான பெண்மணி மெதுவாக விசாரித்தார். "அங்க ரொம்பக் குளிராம்மா?"

"அவ்வளவு குளிராதும்மா" என்றேன்.

நல்லபடியாகப் போய்ச் சேருங்கள், நாசர் அண்ணே.

நாளை காலை ஆபீசில், போகிறேன் என்று சொல்லப்போகிறேன். வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது. அம்மா முகநூலில் இல்லை, ஆனால் எங்கள் வீட்டு அண்ணி இருக்கிறார்... அவர் இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டுவதற்குள் நான் ஈப்போ போய்ச் சேர வேண்டும்.