மூன்று பொட்டுகளுக்கு அடியில்

எழுபதுகளின் தொடக்கம். மந்தைவெளிப் பட்டறையில் லேத் ஓட்டச் சேர்ந்த மூன்றாம் வாரமே இரண்டு இரும்புப் பின்களைக் கெடுத்தேன். இரண்டும் அளவுக்கு மேல் மெலிந்துவிட்டன. டயலை இரண்டு கோடு கூடுதலாகத் திருப்பிவிட்டு, அதே இரண்டு கோட்டைப் பின்னால் எடுத்திருந்தேன். டயல் பின்னால் வந்தது, இரும்பைச் சீவும் டூல் வரவில்லை. கைப்பிடி பன்னிரண்டு கோடு வெறுமனே சுற்றிய பிறகுதான் டூலைச் சுமக்கும் கிராஸ் ஸ்லைடு அசைந்தது. புத்தகத்தில் இது பேக்லாஷ், பட்டறையில் ஆட்டம்.

"இன்னொரு பின்னு இப்டி ஆச்சு, லேத்த உட்டுட்டு அரம் புடிக்கப் போயிடு" என்றார் முதலாளி.

பக்கத்து லேத் டர்னர் சிரித்தார். "இன்னா நைனா, டிப்ளமாவுல இத்த சொல்லித் தரலியா? ஒரு சுத்து பின்னால போய்ட்டு திரும்ப வா. நாங்க அப்டித்தான் ஓட்டிக்கினு கீறோம்."

"ஸ்லைடை இழுக்கற தண்டுல நட்டு தேஞ்சிருக்கு. அதை இறுக்கிட்டா அந்தச் சுத்தே வேணாமே?"

"மிஷினு பொறந்ததுலேந்தே அப்டித்தாம்பா."

நான் நம்பவில்லை. மிஷினைச் செய்தவன் இறுக்க வழி வைக்காமலா விட்டிருப்பான்? முதலாளி சாப்பிடப் போனதும் ஸ்லைடைத் துடைத்துப் பார்த்தேன். மேலே வரிசையாக மூன்று பொட்டுகள். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதே மூன்று இடத்தில் வைத்த சந்தனமும் குங்குமமும் எண்ணெயில் ஊறிக் கல்லாகியிருந்தன. அது ஏன் மூன்று? ஊசிமுனையால் சுரண்டினேன்.

"டேய், சாமி பொட்டுடா!" டர்னர் பதறினார்.

"ஸ்குரூ தலைண்ணே."

நடு ஸ்குரூவைத் திருகினால் அடியிலிருக்கும் ஆப்பு மேலேறி, நட்டின் இரு பாதிகளையும் விலக்கித் தண்டின் மரையோடு அழுத்தும். முன் ஸ்குரூவைத் தளர்த்திவிட்டு நடுவிலிருந்ததைத் திருகினேன். ஆட்டம் சுத்தமாகப் போயிற்று. பெருமையாக ஸ்லைடை ஓரத்துக்கு ஓட்டினேன். சிக்கிக்கொண்டது.

"அட்ச்சான் பாரு!" டர்னர் கை தட்டினார்.

தண்டு தினமும் ஓடும் நடுப்பகுதியில் மட்டும்தான் தேய்ந்திருந்தது. ஓரங்களில் இன்னும் புதுசு. விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, ஸ்லைடு கடைசிவரை ஓடும் இடத்தில் நிறுத்தினேன். முன் ஸ்குரூவை மறுபடி இறுக்கினேன். மிஞ்சிய ஆட்டம் இரண்டு கோடு. அதைத் தெரிந்தே விட்டுவைத்தேன். புதிதாக ஒரு பின்னைக் கடைந்தேன்.

முதலாளி வந்ததும் கேட்டார்: "பொட்ட எவன்டா அயிச்சது?"

"நான்தான். இந்தப் பின்னை அளந்துட்டுத் திட்டுங்க."

மைக்ரோமீட்டரில் இரண்டு தரம் அளந்தார். கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தார்.

"அரம் புடிக்கணுமா சார்?"

"மொதல்ல பொட்டு வை."

"வெக்கறேன். ஸ்குரூவுக்குப் பக்கத்துல."