அப்பாவுக்குச் சொன்ன நாடகம்

அப்பா ரிக் வண்டியில் டிரில்லராக இருந்தார். திருச்செங்கோட்டுப் பக்கம் இப்படிச் சொன்னால் போதும். மற்ற ஊர்க்காரர்களிடம்தான் போர்வெல் போடும் லாரி என்று விளக்க வேண்டியிருக்கிறது. தைப்பொங்கல் முடிந்து வடக்கே கிளம்பினால், அங்கே மழை பிடித்து வண்டிகள் வயல்காட்டுக்குள் இறங்க முடியாமல் போகும்போதுதான் வீடு திரும்புவார். மத்தியப் பிரதேசத்தில் யார் யாருடைய நிலத்திலோ தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த மனிதரின் வீட்டில் எட்டு நாளைக்கு ஒரு தடவைதான் குழாயில் ஆற்றுத் தண்ணீர் வரும். எந்த நேரத்தில் வரும் என்று தண்ணீருக்கே தெரியாது. இதை அம்மா சொல்லிக் காட்டாத நாள் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வண்டிக்கு ஆயில் மாற்றுகிற நேரத்தில் அப்பாவின் போன் வரும். முதலில் அம்மா பேசுவாள். பிறகு தம்பி பேசுவான், அதாவது அப்பா கேட்பதற்கெல்லாம் போனைப் பார்த்துத் தலையை ஆட்டுவான். கடைசியில் போன் எனக்கு வரும். ஐந்தாம் வகுப்பு படித்த எனக்கு அந்த வீட்டில் ஓர் உத்தியோகம் இருந்தது. தினமும் சாயங்காலம் ஏழரைக்கு டிவியில் ஒரு சிரிப்பு நாடகம் ஓடும். போன மழைக்காலத்தில் வீட்டில் இருந்தபோது அப்பா அதில் விழுந்துவிட்டார். ரிக் நிற்கும் காட்டில் டிவி ஏது? அதனால் வாரம் முழுவதும் வந்ததில் நல்ல கட்டங்களாகப் பொறுக்கி, ஞாயிற்றுக்கிழமை நான் அவருக்குச் சொல்ல வேண்டும்.

ஒரே குளியலறை உள்ள வீட்டில் பதினொரு பேர் குடியிருக்கும் கதை அது. மூத்த மருமகன் ஆடி விருந்துக்கு வந்தவர், மூன்று வருடமாகக் கிளம்பிக்கொண்டே இருந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை வருவார், சமையலறையில் எதையாவது தாளிக்கிற சத்தம் கேட்கும், பெட்டி தானாகக் கீழே இறங்கிவிடும். ஒரு நாள் சின்ன மகனுக்குப் பெண் பார்க்க எல்லோரும் வேனில் கிளம்பி, பூ, பழம், தேங்காய் எல்லாவற்றையும் எண்ணி ஏற்றிவிட்டு, மாப்பிள்ளையைக் குளியலறையில் விட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதை நான் சொல்லி முடித்தபோது போனில் ஒரு கூட்டமே சிரித்தது. அப்போதுதான் தெரிந்தது, அப்பா ஸ்பீக்கரில் போட்டு வண்டியில் இருக்கும் பத்துப் பேரையும் உட்கார வைத்துக் கேட்கிறார் என்று. அதற்குப் பிறகு எனக்குத் தலைக்கனம் கூடிவிட்டது. சிக்னல் நன்றாகக் கிடைக்கும் என்று சொல்லிப் பின்வாசல் துவைக்கும் கல்லின் மேல் ஏறி நின்றுகொண்டுதான் பேசுவேன்.

மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, உயரமாக வைக்கோல் ஏற்றி வந்த லாரி ஒன்று எங்கள் தெருவின் கேபிள் ஒயரை அறுத்துக்கொண்டு போய்விட்டது. கேபிள்காரருக்குச் சொல்லி அனுப்பினால், எங்கள் ஊர்த் திருவிழா, மாரியம்மன் நோம்பி, காப்புக் கட்டியிருக்கிறேன், நோம்பி முடியாமல் ஊர் எல்லையைத் தாண்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அம்மனிடம் போய் யார் சண்டை போடுவது? அந்த வாரம் எங்களுக்கு நாடகம் இல்லை.

அதே வாரம் புதன்கிழமை வீட்டில் தண்ணீர் வந்தது.

ரிக்காரர் வீடுகளில் நீல டிரம் இல்லாத வீடு கிடையாது. எங்கள் பின்கட்டில் ஒரே உயரம், ஒரே நிறம், ஒரே கறுப்பு மூடியோடு ஆறு டிரம்கள் வரிசையாக நின்றன. மூன்றில் தண்ணீர், ஒன்றில் தவிடு, ஒன்றில் பழைய போர்வைகள், ஒன்றில் அரிசி. எது எது என்று எதிலும் எழுதியிருக்காது. வரிசைதான் கணக்கு. பக்கத்து வீட்டில் இருந்த அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, அதற்கு முந்தின நாள்தான் ஒட்டடை அடிக்கிறேன் என்று வந்து டிரம்களை நகர்த்தி, கூட்டிப் பெருக்கி, அழகாகத் திரும்ப நிறுத்தி வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

தண்ணீர் வந்த நேரத்தில் அம்மா உடம்பெல்லாம் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அத்தை தலைக்கு மை பூசிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் எழுந்திருக்க முடியாது என்று கோழிப்பண்ணைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சித்தப்பாவைக் கூப்பிட்டார்கள். சித்தப்பா எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. வழக்கமான மூன்றாவது டிரம்மின் மூடியை லேசாகத் திறந்து, உள்ளே குனிந்து பார்க்காமல் ஹோஸைச் செருகி, அது வெளியே துள்ளிவிடக் கூடாது என்று மூடி மேல் ஒரு செங்கல்லையும் வைத்துவிட்டு முன்வாசலில் டீ குடிக்கப் போனார்.

அரிசியில் தண்ணீர் விழுகிற சத்தம் வேறு. அதை முதலில் கேட்டது அம்மாதான். எண்ணெய்க் காலோடு எழுந்து ஓடி வந்தாள், ஈரத் தரையில் கால் வைத்தாள், டிரம்மைத் தொடுவதற்குள் விழுந்தாள். விழுந்த இடத்திலிருந்தே அரிசியை எடுங்கள், அரிசியை எடுங்கள் என்று சத்தம் போட்டாள். நாங்கள் எல்லோரும் குண்டான் குண்டானாக அரிசியை அள்ளிப் பழைய சேலைகளில் கொட்டிப் பரப்பினோம். தம்பி ஈர அரிசியில் உருண்டு எழுந்து உடம்பெல்லாம் அரிசி ஒட்டிக்கொண்டு நின்றான். கடைசிக் குண்டான் கொட்டிய பிறகுதான் அம்மா கை தூக்க முடியவில்லை என்றாள். சித்தப்பா அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். கூடவே போன அத்தையின் முகத்தில் மை கறுப்பு கறுப்பாக வழிந்துகொண்டிருந்ததால் நர்ஸம்மா முதலில் அத்தையைத்தான் கட்டிலில் படுக்கச் சொன்னாராம். சாயங்காலம் அம்மா மாவுக்கட்டோடு வந்தாள். ஊறிய அரிசியை அப்படியே விட முடியாது. அடுத்த மூன்று நாள் எங்கள் தெரு முழுவதும் தோசை சாப்பிட்டது.

அன்றைக்கே என்னையும் தம்பியையும் பக்கத்தில் கூப்பிட்டு, அப்பாவிடம் இதைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கினாள். ரிக்காரர் வீடுகளில் இது பழக்கம். ஆள் வண்டியில் இருக்கும்போது வீட்டுச் சங்கடம் எதையும் போனில் சொல்ல மாட்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு, பூமிக்குள் இறக்கும் இரும்பு ராடுகளை மாற்றுகிற வேலையை நினைத்து அத்தைதான் சொன்னாள்.

"ராடு மாத்தறப்ப மனசு ஊட்டுல இருந்துச்சுன்னா கையி ரிக்குல போயிரும் சாமி."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அம்மா இடது கையில் போனைப் பிடித்துக்கொண்டு, எல்லோரும் நன்றாக இருக்கிறோம், நன்றாகச் சாப்பிடுகிறோம் என்று சிரித்துப் பேசினாள். தம்பி தலையை ஆட்டினான். போன் என்னிடம் வந்தது. நான் பின்வாசலுக்குப் போய்க் கல்லின் மேல் ஏறினேன். இந்த வாரம் என்ன கூத்து என்று அப்பா கேட்டார். பின்னால் ஆட்கள் வந்து உட்காரும் சலசலப்புக் கேட்டது. கேபிள் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பத்துப் பேர் எனக்காகக் காத்திருக்கும்போது அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதனால் டிரம் கதையைச் சொன்னேன். அத்தையை நாடகத்தின் பெரிய அண்ணி ஆக்கினேன். சித்தப்பாவை, கிளம்பாத மருமகன் ஆக்கினேன். அம்மாவை அந்த வீட்டு அம்மாவாகவே விட்டுவிட்டேன். செங்கல்லை வைத்த இடத்தில் ஒரு சிரிப்பு, தலையில் மையோடு வந்த அண்ணியைக் கட்டிலில் படுக்கச் சொன்ன இடத்தில் அதைவிடப் பெரிய சிரிப்பு. வண்டி டிரைவர் இருமி இருமிச் சிரித்தது தனியாகக் கேட்டது. சத்தியத்தை நான் மீறவும் இல்லை. எங்கள் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேனா? நாடகத்து அம்மா கீழே விழுந்து மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டதோடு முடித்தேன். அங்கே சிரிப்பு நின்றிருந்தது. சிக்னல் போய்விட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்றேன்.

"எந்தக் கையி சாமி?" என்றார் அப்பா.

"சோத்தாங்கைங்கப்பா."

பிறகு கேட்டார்.

"அப்பறம் அந்த ஊட்டுல சோறு ஆரு ஆக்கறாங்க?"

அண்ணி வந்து ஆக்குகிறாள், ஆனால் உப்புதான் அதிகம் என்றேன். நாடகத்தைப் பற்றி அப்பா இப்படி நுணுக்கி நுணுக்கிக் கேட்டது அதுதான் முதல் தடவை. டிவிக்காரர்களைவிட நான் நன்றாகக் கதை செய்கிறேன் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த வாரம் கேபிள் வந்துவிட்டது. ஆனால் அப்பாவுக்கு இப்போது மருமகனின் பெட்டியில் அக்கறை இல்லை. அந்தம்மாவுக்குக் கை வீக்கம் இறங்கியதா, படுத்தால் தூங்குகிறார்களா, வலிக்கு மாத்திரை சாப்பிடுகிறார்களா என்றே கேட்டார். நானும் அவிழ்த்துவிட முடியாத முடிச்சுப் போட்டுவிட்டேன். ஆரம்பித்த கையை நடுவில் விட முடியுமா? ஒவ்வொரு வாரமும் அம்மாவைப் பார்த்துப் பார்த்து நாடகத்து அம்மாவுக்கு உடம்பு தேற்றினேன். விரல் அசைந்தது, தலையைத் தானே பின்னிக்கொண்டாள், கட்டு பிரித்த அன்று மெலிந்துபோன கையைப் பார்த்து யாருக்கும் தெரியாமல் அழுதாள். அதையும் சொன்னேன்.

இதற்கு நடுவில், நான் டிரம் கதை சொன்ன ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாளே, அப்பாவின் வண்டி டிரைவருடைய மனைவி ஜேடர்பாளையத்திலிருந்து பஸ் ஏறி வந்தாள். சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்ததாகச் சொன்னவள், நேராகப் பின்கட்டுக்குப் போய், துணியெல்லாம் துவைத்துப் போட்டுவிட்டுத்தான் கிளம்பினாள். பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தாள். வரும்போது வறுத்த ஆற்று மீன் கொண்டுவருவாள். வண்டிக்காரர்களிடம் எதையும் சொல்லிவிடாதே என்று அம்மா அவளிடமும் சத்தியம் வாங்கினாள். அவளும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சத்தியம் செய்தாள். டிரம் வரிசையைப் பார்க்கும்போது மட்டும் அவளுக்கு ஏன் அப்படிச் சிரிப்பு வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

அதை அந்த டிரைவர் வீட்டு அக்கா என் கல்யாணத்துக்கு வந்தபோதுதான் சொன்னாள். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனை வைத்த பிறகு, அது எங்கள் வீட்டு டிரம்தான் என்று புரிந்துகொண்ட அப்பா வெகுநேரம் வண்டி நிழலில் உட்கார்ந்திருந்தாராம். ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வா என்று எல்லோரும் சொன்னார்களாம். அப்பா மறுத்துவிட்டார். போய் நின்றால் பிள்ளை சொல்லிவிட்டது என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும், அம்மா கட்டிக் காத்ததெல்லாம் வீணாகிவிடும் என்றாராம். அதனால்தான் டிரைவர் போன் செய்து இந்த அக்காவை அனுப்பினாராம். அந்த வாரம் முழுவதும் அப்பாவை ராடு பக்கமே விடாமல், சமையல்காரரை வேறு வேலைக்கு மாற்றி, அப்பாவைச் சோறாக்க வைத்திருக்கிறார்கள். அப்பாவின் சமையல் எனக்குத் தெரியும். ஏழு நாள் அதைச் சாப்பிட்டு என் அப்பாவின் கைகளைக் காப்பாற்றிக் கொடுத்த அந்தப் பத்துப் பேரில் பாதிப் பேரின் முகம்கூட எனக்குத் தெரியாது. அவர்களை நினைக்கும்போதெல்லாம் எழுந்து நின்று கும்பிடத் தோன்றுகிறது.

ஆனி மாதம் அப்பா வந்தார். அத்தை, சித்தப்பா, நாங்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் பயம். ஏழரைக்கு நாடகம் வரும். அதில் அந்த அம்மா இரண்டு கையாலும் மாவு பிசைவாள், அண்ணியை அடிக்கக் கரண்டியை ஓங்குவாள். கட்டு எங்கே, டிரம் எங்கே, நீ சொன்னதெல்லாம் எங்கே என்று அப்பா எல்லோர் முன்னாலும் கேட்பார். பொய்க்காரி என்று பெயர் வரும். இனி ஞாயிற்றுக்கிழமை போன் என் கைக்கு வரவே வராது. கரண்ட் போகட்டும், இன்னொரு வைக்கோல் லாரி வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். எதுவும் வரவில்லை.

நாடகம் ஆரம்பித்தது. அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தம்பியை மடியில் வைத்துக்கொண்டார். மருமகன் பெட்டியைத் தூக்கியபோது எல்லோருக்கும் முன்னால் சிரித்தார். அந்த அம்மா வந்தாள். நான் நினைத்தது போலவே வலது கையால் தோசைக் கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதே நேரத்தில் எங்கள் அம்மா சமையலறையிலிருந்து அப்பாவுக்குக் காப்பி கொண்டுவந்து நீட்டினாள்.

"அந்தம்மாளுக்குக் கையி நல்லா ஆயிருச்சாட்ட இருக்குது சாமி," என்றார் அப்பா.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எவ்வளவு நல்ல அப்பா, இவ்வளவு லேசாக ஏமாறுகிறாரே என்று அவருக்காகக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. டிவியில் இருந்து கண்ணை எடுக்காமலே, ஆமாங்கப்பா, நல்லாயிருச்சுங்கப்பா என்றேன். பக்கத்தில் திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அப்பா டம்ளரை வாங்கிக்கொண்ட பிறகும், அதை நீட்டிய கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.