பத்தாம் நம்பர் செருப்பு

வேலைக்குக் கிளம்புமுன் வீணா வாசலில் குனிந்து அந்த ஆண் செருப்பை நகர்த்தி வைக்கிறாள். நேற்று இரண்டும் ஒழுங்காகச் சுவரைப் பார்த்து இருந்தன. இன்று ஒன்று கதவைப் பார்க்கிறது, மற்றது அதன் மேல் லேசாக ஏறிக் கிடக்கிறது. இரண்டடி பின்னால் போய்ப் பார்க்கிறாள். திருப்தியில்லை. கால் கட்டைவிரலால் இடது செருப்பை இன்னும் கொஞ்சம் கோணலாக்குகிறாள். "ஆங், இப்பதான் மனுஷன் அவசரத்துல கழட்டிப் போட்ட மாதிரி இருக்குது" என்று தனக்கே சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டுகிறாள்.

அப்படி ஒரு மனுஷன் கிடையவே கிடையாது! ஜோகுபாளையத்துச் சந்தில் அந்த ஒற்றை அறை வீட்டில் ஆறு வருஷமாக வீணா ஒருத்திதான் இருக்கிறாள். வயது நாற்பதை நெருங்குகிறது. புருஷன் விட்டுவிட்டுப் போனான். கோர்ட்டில் விவாகரத்தும் ஆயிற்று. தனியாக இருக்கும் பெண்ணின் வாசலில் ஓர் ஆண் செருப்பு கிடக்க வேண்டும் என்பது அந்தச் சந்தில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம். சிலிண்டர் கொண்டுவருகிறவர், கேபிள்காரர், குடித்துவிட்டு வீடு மாறிக் கதவைத் தட்டுகிறவர் எல்லோருக்கும் முதலில் பதில் சொல்வது அந்தச் செருப்புதான்.

பத்தாம் நம்பர் சைஸில் இருக்கும் அந்தச் செருப்பு க்ளென் அங்கிளுடையது. வீணா அவரைப் பார்த்ததுகூட இல்லை; அவள் வேலைக்குச் சேருமுன்பே காலமாகிவிட்டார். ரிச்சர்ட்ஸ் டவுனில் அவருடைய மனைவி மௌரீன் ஆன்ட்டியை வீணாதான் பார்த்துக்கொள்கிறாள். செருப்பைக் கொடுத்ததும் ஆன்ட்டிதான். பக்கவாதம். குளிப்பாட்ட வேண்டும், புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், ஊட்ட வேண்டும். குளிக்கிற வெந்நீரை முழங்கையால்தான் பார்ப்பாள். "விரலு பழகிடும். முழங்கை பழகாது" என்பாள். இந்தப் பழக்கம் முற்றிப்போய் டீக்கடையில் கிளாஸையும் முழங்கையில் ஒற்றிப் பார்க்கிறாள். டீ போடுகிறவர் முறைப்பதை நிறுத்திப் பல நாள் ஆகிறது.

மௌரீன் ஆன்ட்டிக்குப் பேச்சு குழறும், கிண்டல் குழறாது. வீணா உள்ளே நுழைந்ததும் முதல் கேள்வி:

"என் புருஷன் எப்படிமா இருக்கான்? வீடு தங்குறானா?"

"வாசல்லயே கெடக்காரு ஆன்ட்டி. நேத்து மழையில நனைஞ்சிட்டாரு."

"பாவம், உள்ள கூப்புடு. எனக்கு ஒண்ணும் பொறாமை இல்ல."

இந்த வீணாவுக்குத்தான் அயர்லாந்தில் வேலை கிடைத்திருக்கிறது! முதியோர் இல்லம் ஒன்று அவளைக் கூப்பிட்டிருக்கிறது. ஆன்ட்டியின் மகள் ஆஞ்சலா வேறு ஆளையும் பார்த்துவிட்டாள். புது ஆளுக்கு முழங்கைப் பாடம்கூட முடிந்தது. ஆனால் மாதக் கடைசிக்குள் போலீஸ் சர்டிஃபிகேட் வரவேண்டும். வராவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்கு. அனுப்பிவைக்கிற ஏஜென்ட் ராகேஷ் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு அவன் சொன்னவைதான் தெளிவாக இல்லை. அங்கே போனதும் ரெசிடென்ஸ் கார்டு எடுக்க வேண்டுமாம். கார்டுக்கு அட்ரஸ் வேண்டும். அட்ரஸுக்கு வாடகை வீடு வேண்டும். வீட்டு ஓனர் முதலில் கார்டைக் காட்டு என்பாராம்.

"அப்ப முதல்ல எது?" என்றாள் வீணா.

"ரெண்டும்தான்க்கா" என்றான் ராகேஷ்.

அன்றிலிருந்து எதிரே வருகிறவர்களையெல்லாம் கேட்கிறாள். "ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனச்சுக்காதீங்க" என்று ஆரம்பிப்பாள். ஆட்டோக்காரர், பேங்க் வாசல் செக்யூரிட்டி, பூக்காரம்மா, யாரும் தப்பவில்லை. ஒருவர், ஒண்டியாகப் போனால் கார்டு சீக்கிரம் கிடைக்கும் என்றார். இன்னொருவர், ஒண்டியாகப் போனால் கிடைக்கவே கிடைக்காது என்றார். வீணா இரண்டையும் நம்பினாள்!

இந்தக் குழப்பத்துக்கு நடுவில்தான், சர்டிஃபிகேட்டுக்காக வீட்டை விசாரிக்க ஒரு கான்ஸ்டபிள் வந்தார். யூனிஃபார்ம் இல்லை; கலர் சட்டை, பைக். வீணா டூட்டியில் இருந்தாள். எதிர்வீட்டில் மாவு அரைத்து விற்கும் ஜானகி அக்காதான் வாசலில் இருந்தார்.

மறுநாள் ஆன்ட்டிக்கு முதுகில் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது அந்தக் கான்ஸ்டபிளிடமிருந்து போன் வந்தது, கன்னடம் கலந்த தமிழில்.

"நாளைக்கு ஸ்டேஷனுக்கு பர்பேக்கு மேடம், வந்தே ஆகணும். வரும்போது உங்க வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டு வாங்க."

"எந்த வீட்டுக்காரர் சார்?"

"எத்தன பேரு மேடம் இருக்காங்க?"

அவரே விளக்கினார். "பேப்பர்ல டைவர்ஸ்னு இருக்குது, ஒண்டியா இருக்கேன்னு எழுதியிருக்கீங்க. நேர்ல வந்தா வாசல்ல செருப்பு. கேட்டா, உள்ள தூங்குறாருன்றாங்க. நான் என்னன்னு ரிப்போர்ட் அனுப்பறது?"

சாயந்தரம் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக எதிர்வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"எதுக்குக்கா அப்படி சொன்ன?"

"ஆறு வருஷமா அதத்தானடி சொல்லிட்டிருக்கேன்! நீ சொல்லிக்குடுத்ததுதான். பொம்மசந்திரா கம்பெனி, நைட் ஷிப்ட், தூங்குறாரு, எழுப்புனா அடிக்க வருவாரு. ஒரு வார்த்த மாத்தல."

"அவரு போலீசுக்கா."

"நெத்தியில ஒட்டியிருந்துச்சா? எவனோ ஒருத்தன் வந்து, 'வீணா ஒண்டியாவா இருக்காங்க'ன்னு கேக்குறான். நான் ஆமான்னு சொல்வேனா? செத்தாலும் சொல்ல மாட்டேன்!"

வீணா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இங்க ஒண்டியா இருக்கேன்னு யாருக்கும் தெரியக் கூடாது. அங்க போறதுக்கு ஒண்டியா இருக்கேன்னு ப்ரூஃப் குடுக்கணும். நான் எதைச் சொல்லிப் பழகறது, நீயே சொல்லு."

ஜானகி அக்கா உள்ளே போய் ஒரு கிண்ணம் மாவு எடுத்துவந்து அவள் பக்கத்தில் வைத்தார்.

ஸ்டேஷனுக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். வீணாவின் கையில் ஒரு துணிப்பை. கான்ஸ்டபிள் அவர்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"எல்லிம்மா, எங்க அவரு? வரல?"

வீணா பையிலிருந்து செருப்பை எடுத்து, பக்கத்திலிருந்த காலி நாற்காலிக்கு முன்னால் தரையில் ஜோடியாக வைத்தாள். பழக்கதோஷம், இடது செருப்பைக் கொஞ்சம் கோணலாக்கினாள்.

"இவருதான் சார்."

கான்ஸ்டபிள் செருப்பைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், ஜானகி அக்காவைப் பார்த்தார்.

"தூங்குறாருன்னு நான் சொன்னது இவரத்தான் சார்" என்றார் ஜானகி அக்கா. "எழுப்புனா அடிப்பாருன்னு சொன்னது மட்டும் சும்னே, சும்மாச்சுக்கு."

கான்ஸ்டபிளுக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. அடுத்த மேஜையில் எழுதிக்கொண்டிருந்த பெண் போலீஸ் தலையைத் தூக்காமலே சொன்னார்: "எங்க வீட்ல ஹெல்மெட் சார். ஜன்னல்ல தெரியற மாதிரி மாட்டியிருக்கேன்."

கான்ஸ்டபிள் பேனாவைத் திறந்தார். "சரி. நீங்களே சொல்லுங்க, நான் எழுதறேன். அந்த வீட்ல நீங்க ஒண்டியாதான் இருக்கீங்க. கரெக்டா?"

வீணா வாயைத் திறந்தாள். ஆறு வருஷமாக எந்த ஆணிடமும் சொல்லாத வார்த்தை அது! திரும்பிக் கதவுப் பக்கம் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள். பிறகு மேஜைப் பக்கம் சாய்ந்து, ரகசியம் சொல்கிற குரலில், "ஆமா சார். ஒண்டியாதான்" என்றாள்.

"ஜோரா, சத்தமா சொல்லும்மா."

"ஒண்டியாதான் சார் இருக்கேன்!"

சொல்லிவிட்டு ஜானகி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சர்டிஃபிகேட் மாதக் கடைசிக்கு முன்பே வந்துவிட்டது. வீணா நிம்மதியாக இருப்பாள் என்று பார்த்தால், புதிதாக ஒரு சந்தேகம். ராகேஷுக்குப் போன் போட்டாள்.

"ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனச்சுக்காத. அங்க செருப்ப வாசல்ல விடுவாங்களா, வீட்டுக்குள்ளயா?"

"அங்க குளிருக்கா. எல்லாரும் ஷூதான்."

"அது தெரியுது. வாசல்லயா, உள்ளயா?"

ராகேஷுக்குத் தெரியவில்லை. மௌரீன் ஆன்ட்டிக்கும் தெரியவில்லை.

கிளம்புகிற நாளுக்கு முன்தினம் பெட்டி கட்டினார்கள். ஸ்வெட்டர், மிளகாய்ப்பொடி, ஜானகி அக்கா போட்ட எலுமிச்சை ஊறுகாய். வீணா திடீரென்று எழுந்து வாசலுக்குப் போனாள். செருப்பை எடுத்து ஒன்றோடொன்று தட்டி மண்ணை உதறினாள். பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்தாள்.

"இது எதுக்குடி அங்க?"

"தெரியலக்கா."

பெட்டியின் ஓரத்தில் செருகிவிட்டு மூடியை அழுத்தினாள். மூடவில்லை. ஜானகி அக்கா மேலே ஏறி உட்கார்ந்தும் மூடவில்லை. வீணா மறுபடி பெட்டியைத் திறந்தாள். ஊறுகாய் பாட்டிலை எடுத்து வெளியே வைத்தாள்.