அம்புக்குறி போட்ட கற்கள்

ஐம்பதுகளின் கடைசியில், திருச்சி ஜங்ஷன் பக்கம் நான் மேனேஜராக இருந்த லாட்ஜில் அவர் பதினைந்து நாள் தங்கினார். வெயிலில் கறுத்த ஒல்லியான மனிதர்; பாறை ஆராய்ச்சி செய்பவர். திசைகாட்டியைப் பார்க்குமுன் கைக்கடிகாரத்தைக் கழற்றித் தூர வைத்துவிடுவார். இரும்பு கிட்டே இருந்தால் முள் பொய் சொல்லுமாம்.

அரியலூர்ப் பக்கத்துப் பாறைகளில் வெட்டியெடுத்த கற்கள் அவர் அறை முழுக்கக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் ஓர் அம்புக்குறி.

"பூமியோட துருவம் மெதுவா நகருதுங்க. பாறை உண்டானப்ப வடக்கு எங்க இருந்துச்சுன்னு கல்லுக்குள்ள பதிஞ்சிருக்கு. தேசத்துக்குத் தேசம் இப்படித்தான் அளந்து பார்க்குறாங்க" என்றார் ஒருநாள். நான் அரைக்காதில் கேட்டுக்கொண்டேன்.

ஆயுத பூஜையன்று அவர் ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போயிருந்தார். லாட்ஜில் இருந்த சாமான்களையெல்லாம் கழுவிப் பொட்டு வைத்த நான், அவர் தொழிலுக்கும் மரியாதை செய்வோமே என்று அந்தக் கற்களையும் நன்றாகத் தேய்த்துக் கழுவி, சந்தனமும் குங்குமமும் வைத்தேன்.

திரும்பி வந்தவர் அறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யாருங்க கழுவினது? வெட்டுறதுக்கு முன்னாடி கல்லு எந்தப் பக்கம் பார்த்து இருந்துச்சுன்னு அந்தக் குறிதாங்க சொல்லும். இனிமே இது வெறும் கல்லு."

வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்த வேலைக்கார அம்மாவைக் கை காட்டினேன். அந்த அம்மா துடைப்பத்தைக் கீழே வைத்தார்.

அவர் என் கையைப் பார்த்தார். நகக்கண்ணில் சந்தனம் காய்ந்திருந்தது. பிறகு அந்த அம்மாவிடம், "பரவாயில்லம்மா. சொல்லாம போனது என் தப்பு" என்றார்.

மறுநாள் அறையைக் காலி செய்தார். கவுன்ட்டரில் நான் எழுந்து நின்றேன்.

"போயிட்டு வரேம்மா" என்று அந்த அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.